உப்புத்தண்ணி சம்ப்பு

ஜனவரி 4, ஞாயிறு

அக்கா வந்துவிட்டாள். கூடவே நான்கு அடி நீளக் கண்ணாடித் தொட்டி, மூடி போட்ட நீல டிரம் மூன்று, ஒரே ஒரு சூட்கேஸ். டிரம்முக்குள் கடல் தண்ணீரும் மீனும். திருப்பூரிலிருந்து கோவை வரை மினி லாரியின் பின்பக்கம் டிரம்முகளுக்கு நடுவில் உட்கார்ந்து, பேட்டரி மோட்டாரை மடியில் வைத்துக் காற்று விட்டுக்கொண்டே வந்திருக்கிறாள்.

துணிமணி எங்கே என்றேன்.

"அதெல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம். மீனுக்கு அப்புறம்ங்கறது கெடையாதுடா."

எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்டேன். கேட்கக்கூடாதா? இரண்டே அறை. ஹாலில் என் வரைபட மேசையும் பிரித்துப் போட்ட பைக்கும். "ஒரு மாசம்" என்றாள். தினக் காலண்டரில் பிப்ரவரி 4-ஐத் தேடி எடுத்து வட்டம் போட்டேன். அவள் அதைப் பார்த்தாள்.

தினகரன் மாமாவுடன் என்ன தகராறு என்று நான் கேட்கவில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயம். அவளாகச் சொன்னால் சொல்லட்டும்.

ஜனவரி 6, செவ்வாய்

வடிகட்டிச் சத்தம். யாரோ நாள் முழுக்க ஹாலில் பாத்திரம் கழுவுவதுபோல.

ஜனவரி 9, வெள்ளி

மீன்கள் இரண்டும் வேகவேகமாக மூச்சு வாங்குகின்றன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி. பெண் பெரியது, ஆண் சிறியது. இரண்டும் ஒரு கடல்சாமந்தியின் கைகளுக்குள் குடியிருக்கின்றன. அது செடி இல்லையாம், பிராணியாம். அக்கா விலங்கியல் எம்.எஸ்.சி. கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அந்தப் படிப்பைப் பயன்படுத்தியது இந்தத் தொட்டிக்கு மட்டும்தான்.

"இந்தச் சின்ன வடிகட்டிய நம்பினா ஒரு மாசம் தாங்காதுடா. சம்ப்பு வேணும்" என்றாள்.

கேட்டுத் தெரிந்துகொண்டேன். தொட்டிக்கு அடியில் இன்னொரு தொட்டி. மேலே நிரம்பும் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கி, அழுக்கை விட்டுவிட்டு, மோட்டார் வழியாக மறுபடி மேலே ஏறும். அவ்வளவுதான். நான் பம்ப் கம்பெனியில் டெஸ்ட் பெட்டில், மோட்டார்களை ஓட்டிச் சோதிக்கும் மேடையில், வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது மோட்டாருக்குத் தண்ணீர் காட்டுகிறேன். இதற்கு என்ன பெரிய யோசனை?

தொட்டியின் பின்மூலையில் ஏற்கெனவே ஒரு துளை. மூடி போட்டு அடைத்திருந்தது.

"இது எதுக்கு?"

"சம்ப்புக்குத்தான். கடைக்காரர் வாங்கறப்பவே போட்டுக் குடுத்தாரு. உங்க மாமாதான், ஹால்ல குழாயெல்லாம் அசிங்கமா இருக்கும், அடைச்சுருங்கன்னுட்டாரு."

ஜனவரி 10, சனி

மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா லோகாம்பாள் இறங்கி வந்துவிட்டார். கண்ணாடிக் கடையில் நான் பேசியதை யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏனுங் தம்பி, ஊட்டுக்குள்ள சம்ப்பு கட்டறீங்களாமா?"

"ஆமாங்க. ஹால்ல."

"ஹால்லயா? தரையத் தோண்டியா?"

"தோண்டலைங்க. ஸ்டேண்டுக்கு அடியில. கண்ணாடில."

"கண்ணாடில சம்ப்பா." சற்று நேரம் என்னைப் பார்த்தார். "அதுல எந்தத் தண்ணி உடுவீங்க?"

"உப்புத்தண்ணிங்க."

"அதுக்கு வாசல்ல நாங்க கட்டி உட்டிருக்கற சம்ப்பு பத்தாதாக்கும்?"

இந்த ஊரில் தண்ணீர் இரண்டே சாதி. சிறுவாணி வந்தால் நல்ல தண்ணி. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வந்தால் உப்புத்தண்ணி. வாசல் கேட்டுக்கு உள்பக்கம் தரைக்கடியில் அதைத் தேக்கும் தொட்டிதான் உப்புத்தண்ணி சம்ப்பு. இப்போது ஹாலிலும் ஒரு உப்புத்தண்ணி சம்ப்பு. அந்த அம்மாவுக்குக் கடலை விளக்க எனக்குப் பொறுமை இல்லை. அக்காதான் கூட்டிப்போய் மீனைக் காட்டி விளக்கினாள். லோகாம்பாள், "கடல் தண்ணிய ஊட்டுக்குள்ள கொண்டாந்தா லச்சுமி தங்குமா தங்காதா, அதச் சொல்லு கண்ணு" என்று கேட்டார். லட்சுமியே கடலில் பிறந்தவள்தானே என்றாள் அக்கா. அந்த அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, அது சரிதான் என்று படியேறிவிட்டார்.

அக்கா சிரித்தாள். வந்து ஆறு நாளில் முதல் தடவை.

ஜனவரி 11, ஞாயிறு

வரைபடம் முடிந்தது. சம்ப்பு 75 × 35 × 40 செ.மீ. மூன்று அறை. முதல் அறையில் அழுக்கைப் பிடிக்கும் துணிப்பையும் நுரை எடுக்கும் ஸ்கிம்மரும். நடு அறையில் கல்லும் பாசியும். மூன்றாவதில் மோட்டார். சாதாரணமாக ஓடும்போது மேலே முப்பது லிட்டருக்கு இடம் காலியாக இருக்கும், மோட்டார் நின்றால் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்காக. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் தானாக நிரம்ப மிதவை வால்வு. அதைச் சமையலறைச் சுத்திகரிப்புக் கருவியின் குழாயிலேயே இணைத்து வரைந்துவிட்டேன். தினமும் கேன் தூக்கி ஊற்ற யாருக்குப் பொறுமை?

அக்கா வரைபடத்தைப் பார்த்தாள். மேலே ஏறும் குழாயின் நுனியைத் தொட்டியின் உள்ளே, விளிம்பிலிருந்து இருபத்தைந்து செ.மீ. ஆழத்தில் வைத்திருந்தேன், அடியில் தேங்கும் அழுக்கு கலங்கி வரட்டும் என்று.

"கரண்ட் போனா இந்தக் குழாய் வழியா தண்ணி திரும்பி உறிஞ்சிட்டுக் கீழ வருமேடா. நீர்மட்டத்துக்குப் பக்கத்துல குழாய்ல ஒரு சின்னத் துளை போட்டுருவாங்க. மட்டம் எறங்கினதும் அதுல காத்துப் பூந்து உறிஞ்சறது நின்னுரும்..."

"என்.ஆர்.வி. போடறேன்."

"அது இருந்தாலும்..."

"அக்கா. தண்ணி மேல போகும், கீழ வராது. அதுக்குத்தான் நான்-ரிட்டர்ன் வால்வு. எங்க கம்பெனி மோட்டார் அறுபது மீட்டர் ஆழத்துலேர்ந்து தூக்குது, அதை நம்பித்தான் நிக்குது. குழாய்ல ஓட்டை போடச் சொல்றே."

சரி என்றாள். உடனே சரி என்றாள். இவளிடம் எனக்குப் பிடித்த விஷயம் அது, வாதம் செய்வதில்லை.

ஜனவரி 15, பொங்கல்

கண்ணாடி ஒட்டி ஒரு நாள் ஆயிற்று. தொட்டுப் பார்த்தால் சிலிக்கான் காய்ந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம் என்றால் அக்கா மூன்று நாள் என்கிறாள். மூன்று நாள். மனிதன் நிலவுக்குப் போய்விடுவான்.

தாராபுரத்திலிருந்து அம்மா போன். பொங்கல் வைத்தாயா என்று என்னிடம் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அவ என்னடா சொல்றா? போய்ச் சேந்துக்கச் சொல்லு. நாளாக நாளாக நல்லால்ல" என்றாள். மாமா வீட்டுப் பெரியவர்கள் பிப்ரவரி எட்டாம் தேதி பேச வருகிறார்களாம். என் வீட்டுக்கே.

அக்காவிடம் சொன்னேன். பாசியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "எட்டாந்தேதியா" என்றாள். அதன்பிறகு அந்தப் பாசியை மூன்று தடவை கழுவினாள்.

ஜனவரி 18, ஞாயிறு

வெறும் தண்ணீர் விட்டுச் சோதனை. கசிவு இல்லை. மோட்டாரை நிறுத்திப் பார்த்தேன். என்.ஆர்.வி. டக்கென்று அடைத்தது. கீழே பதினாறு லிட்டர்தான் இறங்கியது, கணக்குப்படி. அக்காவைப் பார்த்து, "ஓட்டை வேணுமா?" என்றேன்.

சிரித்தாள். ஆனால் லோகாம்பாளிடம் சிரித்த சிரிப்பு இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

ஒரு வாரமாக உப்புத் தண்ணீரில் ஓடுகிறது. ஸ்கிம்மர் கோப்பையில் டீ நிறத்தில் நாற்றமடிக்கும் நுரை. அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு பொக்கிஷம் மாதிரி பார்க்கிறாள். "இதெல்லாம் தண்ணிலதான்டா இருந்துச்சு இத்தனை நாளும்." மீன்கள் நிதானமாக மூச்சு விடுகின்றன. சத்தமும் குறைந்துவிட்டது. என் சம்ப்பு.

சாப்பிடும்போது சும்மா கேட்பதுபோல் கேட்டாள்: "ஆகஸ்ட்ல ஒரு நாள் உனக்கு போன் பண்ணினேன், ஞாபகம் இருக்கா?"

"இல்லையே" என்றேன்.

ஆகஸ்ட் 19. டெஸ்ட் பெட்டில் ஏழரை ஹெச்.பி. மோட்டார் முழு லோடில் இருந்தது. அவள் ஏதோ ஆரம்பித்தாள். நான், "சின்ன விஷயம்க்கா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, அப்புறம் கூப்பிடறேன்" என்றேன். கூப்பிடவில்லை. வேலை.

பிப்ரவரி 3, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன்.

லோகாம்பாள் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். காலையில் வாசல் சம்ப்புக்கு ஆழ்துளை மோட்டாரைப் போட்டு, நிரம்பியதும் நிறுத்தும் பொறுப்பு எங்களுடையது. நான் போட்டுவிட்டு, நிறுத்தச் சொல்லி அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

10.40-க்கு அக்கா கூப்பிட்டாள். எனக்குப் பின்னால் டெஸ்ட் பெட் மோட்டார் இரைச்சல்.

"டேய், உப்புத்தண்ணி சம்ப்பு நெறஞ்சு வழியுதுடா..."

"மோட்டார நிறுத்து."

"இல்ல, இது..."

"மோட்டார நிறுத்துக்கா, அவ்வளவுதான். வேலைல இருக்கேன்."

வைத்துவிட்டேன். போனில் பார்த்தேன்: 19 விநாடி.

வழிந்தது வாசல் சம்ப்பு இல்லை. அதை அவள் ஒன்பது மணிக்கே நிறுத்தியிருந்தாள். வழிந்தது ஹால் சம்ப்பு. மிதவை வால்வின் இடுக்கில் பாசியோடு வந்த ஒரு நத்தை, கடுகளவு நத்தை, போய் உட்கார்ந்திருக்கிறது. வால்வு மூடவில்லை. சமையலறைத் தண்ணீர் காலையிலிருந்து சொட்டிச் சொட்டி, விளிம்பு வரை நிரம்பி, தரையில் மெல்ல வழிய ஆரம்பித்திருக்கிறது. ஒரு துணி போதும் துடைக்க.

அந்த நேரத்தில்தான், வாசல் மோட்டாரை நினைத்து, நிறுத்தச் சொன்னேன். ஓடிக்கொண்டிருந்ததோ ஹால் மோட்டார் மட்டும். நிறுத்தினாள். என்.ஆர்.வி.யின் நாக்கில் உப்புப் படிந்து அது அடைக்கவே இல்லை. மேல் தொட்டியின் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி, ஏற்கெனவே நிரம்பியிருந்த சம்ப்புக்குள் இறங்கி, குழாயின் நுனி வெளியே தெரியும் வரை நிற்கவில்லை. இருபத்திரண்டு செ.மீ. மட்டம். நூற்றிருபது லிட்டர் கடல். மொத்தமும் ஹாலில்.

ஆறு மணிக்கு நான் வரும்போது தரை துடைத்துக் காய்ந்திருந்தது. மீன்கள் டிரம்மில். தொட்டியில் அரைத்தண்ணீருக்கு மேலே கற்கள் துருத்திக்கொண்டு நின்றன. கடல்சாமந்தி சுருட்டி எறிந்த காலுறைபோல அடியில் கிடந்தது.

"ஏன் மறுபடி கூப்பிடல?"

"வேலைல இருக்கேன்னு சொன்னியே."

"நிறுத்தினா தண்ணி கீழ வரும்னு உனக்குத் தெரியும்ல? நீதானே அன்னைக்கே சொன்னே?"

"தெரியும்."

"தெரிஞ்சே எதுக்கு நிறுத்தினே?"

தண்ணீரில் உப்பைக் கலக்கிக்கொண்டே பதில் சொன்னாள். கோபமாகக்கூட இல்லை. "நீ சொன்னே, செஞ்சேன். ஒரு தடவை சொன்னதுக்கப்புறம் மறுபடி கேட்டா என்ன நடக்கும்னு அஞ்சு வருசமாப் பழகிட்டேன்டா. கை தானாப் போயிருது."

கேன் கடைக்குப் போய் ஆறு கேன் தண்ணீர் வாங்கி வந்தேன். மீன்தொட்டிக்கான உப்பு, நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கலக்கினோம்.

பிப்ரவரி 4, புதன்

லீவு போட்டேன். குழாயில் துளை போட்டேன். ஆறு மி.மீ., நீர்மட்டத்துக்கு ஒரு விரல் கீழே. பத்து விநாடி வேலை. கரண்ட் போனால் சம்ப்பில் தண்ணீர் இதற்குமேல் ஏறக்கூடாது என்று பென்சிலால் ஒரு கோடும் போட்டேன்.

மிதவை வால்வைக் கழற்றி எறிந்தேன். இனி கேன்தான்.

காலண்டரில் இன்றைக்கு வட்டம். அந்தத் தாளைக் காலையிலேயே கிழித்துவிட்டேன். நாளைய தேதி தெரிகிறது. இருக்கட்டும்.

பிறகு அவளிடம் சொன்னேன்: "ஆகஸ்ட் 19. 48 விநாடி. ஞாபகம் இருக்கு."

துளையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பிசிறு இருக்குடா. அரம் போடு" என்றாள்.

அரம் போட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

கடல்சாமந்தி இன்னும் விரியவில்லை. மீன்கள் அதன் பக்கத்திலேயே சுற்றுகின்றன. உணவு போட்டால் சிறியது ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு போய் அதன்மேல் வைக்கிறது. அது தின்னவில்லை. மறுபடி வைக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

வந்தார்கள். தினகரன் மாமா, அவருடைய பெரியப்பா, எங்கள் அம்மா. லோகாம்பாள் காபி கொண்டுவருகிறேன் என்று மூன்று தடவை இறங்கி வந்தார். மூன்றாவது தடவை காபியே இல்லை.

பெரியப்பா நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தார். "ஆம்பளைன்னா நாலு வார்த்தை சத்தமாப் பேசத்தான் செய்வான். மாப்ளை அடிச்சாரா, குடிச்சாரா? ஒண்ணுமில்ல. கெளம்பும்மா. மீன இங்கியே தம்பி பாத்துக்கட்டும்."

அம்மா என்னைப் பார்த்தாள். "நீயாவது சொல்லேன்டா நவநீ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் எந்தப் பேச்சையும் சட்டென்று முடித்துவைப்பவன் நான்தான். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் முடித்திருப்பேன். எப்படி என்று எனக்குத் தெரியும்.

"எனக்குத் தெரியாதும்மா. அக்காதான் சொல்லணும்."

அக்கா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சம்ப்பில் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. நான் மனதுக்குள் எண்ணினேன். முப்பது. நாற்பது. இவ்வளவு நேரம் ஒரு பதிலுக்காக நான் எங்கும் காத்திருந்ததில்லை. காலாட்டினேன். நாற்பத்தைந்தில் மாமா செருமினார்.

"அவ என்ன சொல்லுவா, நானே சொல்றேன்..."

"இருங்க மாமா. அவ இன்னும் ஆரம்பிக்கல."

மாமாவுக்கு முகம் சிவந்தது. பெரியப்பா அவர் கையைப் பிடித்து அமர்த்தினார். அறுபதுக்கும் மேலே போயிற்று எண்ணிக்கை. அப்புறம் அக்கா பேசினாள்.

"நான் வரலைங்க பெரியப்பா."

"ஒரு மீன் தொட்டிக்காகவா கண்ணு?"

"தொட்டிக்காக இல்லீங்க. அங்க அஞ்சு வருசத்துல நான் ஒரு பேச்சை முழுசாப் பேசி முடிச்சதில்ல. பாதியிலயே பதில் வந்துரும். இப்பக்கூடப் பாருங்க." என் பக்கம் திரும்பினாள். "இங்கயும் மொதல்ல அப்பிடித்தான் இருந்துச்சு. நூத்திருபது லிட்டர் கொட்டினதுக்கப்புறம் கொஞ்சம் பரவால்ல."

லோகாம்பாள் வாசலில் நின்றபடி, "நெசந்தானுங்க, நானே பாத்தேன், ஊடெல்லாம் சமுத்திரம்" என்றார். அவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். மர பீரோவின் மேல்தட்டில் இருக்கும் அவளுடைய சான்றிதழ்கள். அனுப்பிவைக்கிறேன் என்று மாமா சொன்னார், தரையைப் பார்த்து. அவர்கள் போனபிறகு அம்மா கொஞ்சம் அழுதாள். அப்புறம் தொட்டி முன்னால் உட்கார்ந்து, இதில் எது ஆண், எது பெண் என்று கேட்டாள். பெரியதுதான் பெண் என்றாள் அக்கா. "அப்பிடிப் போடு" என்றாள் அம்மா, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

பிப்ரவரி 10, செவ்வாய்

விரிந்துவிட்டது. முழுசாக இல்லை, பாதி. சிறியது உள்ளே புகுந்து படுத்திருக்கிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

சான்றிதழ்கள் கூரியரில் வந்தன. பீளமேட்டில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வகத்துக்கு ஆள் தேவையாம். அக்கா விண்ணப்பத்தை எழுதி என்னிடம் படிக்கக் கொடுத்தாள். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னேன். ஒன்றை ஏற்றாள். இன்னொன்றுக்கு, "இல்லடா, நான் எழுதினதுதான் சரி" என்றாள். பத்து நிமிடம் வாதம் செய்தாள். அவள் எழுதியதுதான் சரி.

பிப்ரவரி 24, செவ்வாய்

மாதாந்திரப் பராமரிப்பு. வீட்டுப் பக்கம் காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை கரண்ட் இல்லை. எனக்கு மறந்தே போயிற்று.

11.05-க்கு அக்கா. டெஸ்ட் பெட்டில் பத்து ஹெச்.பி. ஓடிக்கொண்டிருந்தது.

"டேய், உப்புத்தண்ணி சம்ப்பு..."

'மோட்டார நிறுத்து' என்று வாய் வரைக்கும் வந்தது. நிறுத்திக்கொண்டேன். மோட்டாரையும் நிறுத்தினேன். இரைச்சல் அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.

"எந்த உப்புத்தண்ணி?"



"கடல்."

"வழியுதா?"

"வழியல. கரண்ட் போயி ரெண்டு மணி நேரமாச்சு. நீ பென்சில்ல போட்ட கோட்டுக்கு ரெண்டு விரக்கடை கீழயே நின்னுருச்சு. துளைல காத்துப் போறப்ப சர்ருனு ஒரு சத்தம் வந்துச்சு, கேக்க நல்லா இருந்துச்சு. பேட்டரி மோட்டார் போட்டு உட்டிருக்கேன். ஒண்ணும் பிரச்சனையில்ல. சும்மாதான் சொல்லலாம்னு கூப்பிட்டேன்."

"சரி."

"வேலைல இருப்பே. வெச்சர்றேன்."

"வேற?" என்றேன்.

"வேற என்ன?"

"ஆகஸ்ட்ல என்னமோ சொல்ல வந்தியே."

டெஸ்ட் பெட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் தூரத்திலிருந்து என்ன என்று சைகை காட்டினார். இரு என்று கையைக் காட்டினேன்.

அக்கா ஆரம்பித்தாள்.

அழைப்பு 31 நிமிடம் 12 விநாடி. அதில் நான் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது.

வீட்டுக்குப் போகும்போது தொட்டிக்கு உப்பு வாங்க வேண்டும். பெரிய பை.